15 அடி டிரெய்லர் வீட்டை என் டீசல் எஸ்.யூ.வி. இழுக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரர். ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்.யூ.வி. வைத்திருக்கிறார். கெர்ப் எடை (ஆளும் சாமானும் ஏறாத வண்டியின் எடை) 2,000 கிலோ, ஜி.வி.டபிள்யூ. (ஆள், சாமான் எல்லாம் ஏறிய பிறகு வண்டி தாண்டக்கூடாத மொத்த எடை) 2,600 கிலோ. பெங்களூரில் ஒருவர் படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்த 15 அடி டிரெய்லர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் விற்கிறார். ஒற்றை ஆக்சில், பிரேக் கிடையாது, எடை 1,150 கிலோ. "175 குதிரைசக்தி வண்டி சார், 2 டன் அசால்ட்டா இழுக்கும்" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர். முதலில் வேளாங்கண்ணி, மே மாதம் ஏற்காடு போக ஆசை. வாங்கலாமா என்று கேட்கிறார்.

இந்த டிரெய்லரை வாங்காதீர்கள். ஆசை நல்ல ஆசை, அதை விட வேண்டாம். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் டிரெய்லர் வேறு மாதிரி இருக்கும். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கடலூர் முதுநகரில் படகு டிரெய்லர்களுக்கு ஆக்சிலும், டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்சும் பொருத்துகிற வேலையில் இருப்பதால் இந்தக் கணக்கை அடிக்கடி போட வேண்டியிருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் விற்பவர் சொன்ன அதே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள்.

முதலில் அந்த "இழுக்கும்" என்ற பேச்சை ஓரமாக வைத்துவிடலாம். விற்பவர் பொய் சொல்லவில்லை. சமதளத்தில் ஒன்றரை டன் டிரெய்லரை நகர்த்துவது இன்றைய டர்போ டீசல் இன்ஜினுக்குப் பெரிய வேலையே இல்லை. இழுக்கிற இன்ஜின் எப்போதும் கடைசிக் கேள்விதான். அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. டிரெய்லர் உங்கள் வண்டியின் முதுகில் எவ்வளவு உட்காரப்போகிறது? அவசரத்துக்கு நிற்குமா? 70 கி.மீ. வேகத்தில் நேராக வருமா? விபத்துகள் இந்த மூன்றில்தான் நடக்கின்றன. இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை என்றால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். பிரேக் போதவில்லை என்றால் அப்படி இல்லை.

கம்பெனி கொடுக்கும் இழுவைத் திறனுக்கும் குதிரைசக்திக்கும் நேரடி உறவு இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். ஆஸ்திரேலியாவில் சுசுகி ஜிம்னிக்கு இழுவைத் திறன் 1,300 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அது டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 350 கிலோதான். இன்ஜின் அதேதான், கியர்பாக்ஸ் அதேதான், எண் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகிவிட்டது. வித்தியாசம் முழுக்க நிறுத்துவதில் இருக்கிறது.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்யும் சோதனைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. ஜே2807 என்று ஒரு முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டாம் என்ற அணையிலிருந்து ஏறும் நீண்ட மலைச்சாலையின் ஏற்றம்தான் அதற்கு அளவுகோல். 38 டிகிரி வெயிலுக்குக் குறையாமல், ஏ.சி.யை முழுக்கப் போட்டுக்கொண்டு, முழு லோடோடு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விழாமல் ஏற வேண்டும். ஐரோப்பாவில் 12 சதவீத ஏற்றத்தில் முழு லோடோடு நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளப்பிக் காட்ட வேண்டும். கிளட்ச் பிளேட் தாங்குகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கத்திரி வெயிலில் ஏற்காடு ஏறுவதென்பது இந்த இரண்டு சோதனையையும் ஒன்றாக எழுதுவதற்குச் சமம். நம் ஊரில் விற்கும் பல கார்களின் கையேட்டில், இந்த வண்டி டிரெய்லர் இழுக்க வடிவமைக்கப்படவில்லை, பரிந்துரைக்கவில்லை என்றே எழுதியிருக்கும். வெளிநாட்டில் அதே மாடலுக்கு ஒரு எண் இருந்தாலும், ரேடியேட்டர், ஸ்பிரிங், கியர் விகிதம், வயரிங் எல்லாம் அதேதானா என்று பார்க்காமல் அந்த எண்ணை இங்கே கொண்டுவர முடியாது. எனவே முதல் வேலை, கிளவ் பாக்ஸில் கிடக்கும் கையேட்டை எடுத்து டிரெய்லர் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். அங்கே வேண்டாம் என்று இருந்தால் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. கம்பெனியும் எழுத்தில் மறுத்துவிட்டால் கீழே உள்ள கணக்குக்கே வேலையில்லை. அந்த வண்டியில் ஹிட்ச் மாட்டக்கூடாது.

கம்பெனி சம்மதித்ததாக வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். விற்பவர் சொல்லும் 1,150 கிலோ என்பது காலி டிரெய்லரின் எடை. அதுவும் பட்டறையிலிருந்து புதிதாக வெளியே வந்த அன்றைய எடையாக இருக்கலாம். யாரும் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போவதில்லை. தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர் என்றால் 120 கிலோ. வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ. இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 55 கிலோ பிடிக்கும். அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் சேர்ந்து 40 கிலோ. ஆறு பேருக்குத் துணிமணி, போர்வை, தலையணை 60. வெளியே விரிக்கும் பந்தல் துணி, மடக்கு நாற்காலி, மேசை 35. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் 30. மொத்தம் 370 கிலோ. ஆக 1,150 என்று வாங்கியது சாலையில் 1,520 கிலோவாக ஓடும். சின்ன ஃபிரிட்ஜோ ஏ.சி.யோ பின்னால் மாட்டியதாக இருந்தால் இன்னும் கூடும். நான் பார்த்தவரை, முழு லோடில் எடை மேடை ஏற்றிய டிரெய்லர் எதுவும் சொந்தக்காரர் நினைத்ததைவிடக் குறைவாகக் காட்டியதில்லை.

இப்போது உங்கள் வண்டி. ஜி.வி.டபிள்யூ. 2,600 கிலோவில் கெர்ப் எடை 2,000 போக 600 கிலோ மிச்சம். பார்க்க நிறையத் தெரிகிறது. ஆறு பேருக்கு, பிள்ளைகளைக் குறைவாகப் போட்டாலும், 370 கிலோ. மிச்சம் 230. ஹிட்ச், அதன் பிராக்கெட், டிரெய்லரின் முனை உட்காரும் 'பால்' என்ற இரும்பு உருண்டை எல்லாம் சேர்த்து 25 கிலோ இரும்பு உங்கள் வண்டியில்தான் ஏறுகிறது. மிச்சம் 205. டிக்கியில் பை, தண்ணீர் கேன், அம்மாவின் மருந்துப் பெட்டி, மேலே கேரியர் என்று 70 கிலோ. மிச்சம் 135.

டிரெய்லரின் முன்பக்கம் ஹிட்ச் பாலின் மேல் உட்காருகிறது இல்லையா, அந்த எடையும் உங்கள் வண்டி சுமக்கும் எடைதான். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், டிரெய்லர் எடை டிரெய்லர் சக்கரத்தில்தானே இருக்கிறது என்று. அமெரிக்கப் பழக்கத்தில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் வைப்பார்கள். ஐரோப்பாவில் 4 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள். அங்கே டிரெய்லர் வேகத்துக்கு வரம்பு கண்டிப்பானது, டிரெய்லர்களும் அதற்கேற்ப எடையை ஆக்சிலின் அருகே குவித்துச் செய்யப்பட்டவை. நம் பட்டறைகளில் செய்பவை அப்படி இல்லை, அதனால் நான் 10 சதவீதத்தை ஒட்டியே வைக்கச் சொல்வேன். அதற்காக ஹிட்சின் தகட்டில் போட்டிருக்கும் வரம்பை மீறக்கூடாது. 1,520 கிலோவுக்கு 10 சதவீதம் சுமார் 150 கிலோ. உங்களிடம் மிச்சம் இருப்பது 135. வண்டி இன்னும் ஒரு அடிகூட நகரவில்லை, ஜி.வி.டபிள்யூ. தாண்டிவிட்டது.

அந்த 150 கிலோ பின்சக்கரத்தில் 150 கிலோவாகவும் விழாது. பால் பின் ஆக்சிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வண்டியின் வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம்) 2.75 மீட்டர், பால் பின் ஆக்சிலிலிருந்து 1.1 மீட்டர் பின்னால் என்று வைத்தால், பாலில் அழுத்தும் 150 கிலோ முன் ஆக்சிலை 60 கிலோ தூக்கிவிடும். அந்த 60-ஐயும் சேர்த்துப் பின் ஆக்சில் 210 கிலோ வாங்கும். மூன்றாவது வரிசையில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தால் அவர்கள் எடையும் ஏறக்குறைய முழுக்கப் பின் ஆக்சிலில்தான். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பின்பக்கம் குந்தி, ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். உள்ளே இருப்பவருக்கு ஸ்டியரிங் லேசாகிவிடும். முன்சக்கரம் பிடிப்பு குறைந்து, மழை பெய்த சாலையில் திருப்பினால் வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும். பிரேக் பிடிக்கும்போது அதிக வேலை செய்ய வேண்டியது முன்சக்கரம், அதைத்தான் இங்கே தூக்கி வைத்திருக்கிறோம்.

அப்படியென்றால் ஹிட்ச் எடையைக் குறைத்துவிடலாமே, சாமானைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் போச்சு என்று தோன்றும். அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரம் ஏறினால் நுகத்தடியைத் தூக்கும். அதனால் மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்கள். டிரெய்லரிலும் அதே பாரக் கணக்குதான், வேகம்தான் வேறு. பின்பாரமான டிரெய்லர் 40 கி.மீ.யில் சாதுவாக வரும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் வாலை ஆட்டத் தொடங்கும். அந்த வேகத்துக்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கிவிடும், மேலே போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் உங்களை ஓவர்டேக் செய்யும்போது அது தள்ளும் காற்று முதலில் டிரெய்லரின் பின்பக்கத்தைத் தள்ளும், பிறகு உறிஞ்சும். கொள்ளிடம் பாலம் மாதிரி திறந்த இடத்தில் பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க அது போதும்.

ஆட்டம் வந்துவிட்டால் செய்ய வேண்டியது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்வது. ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் போகும், அது ஆட்டத்தை வளர்க்கும். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. டிரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக் இருந்து, அதன் கன்ட்ரோலர் டேஷ்போர்டில் இருந்தால் டிரெய்லரை மட்டும் லேசாகப் பிடித்து இழுக்கலாம். உங்களுக்கு விற்கப் பார்ப்பதில் அந்த வசதியே இல்லை.

பாரம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு டிரெய்லரைப் பற்றிச் சொல்கிறேன். 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின்கட்டிலுக்கு அடியில், ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் வைத்திருந்தார்கள். ஆக்சிலிலிருந்து கப்ளருக்கு, அதாவது டிரெய்லரின் முன்முனையில் பாலைக் கவ்வும் பூட்டுக்கு, 3.3 மீட்டர். தொட்டி காலியாக இருந்தபோது ஹிட்ச் எடை 95 கிலோ, நன்றாகவே இருந்தது. தண்ணீரை நிரப்பிவிட்டு மறுபடி தராசில் வைத்தோம், 40 கிலோ. டிரெய்லர் 150 கிலோ கூடியிருக்கிறது, ஹிட்ச் எடை 55 கிலோ இறங்கியிருக்கிறது. காலித் தொட்டியோடு சோதனை ஓட்டம் பார்த்துவிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினால் அது முற்றிலும் வேறு டிரெய்லர். அந்தத் தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலே மாற்றிவைத்தோம். இப்போது தொட்டி நிறைந்தாலும் காலியானாலும் ஹிட்ச் எடை பெரிதாக மாறுவதில்லை. டிரெய்லர் வாங்கப் போகும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள் அலங்காரத்தைவிட அது முக்கியம்.

எடை போடுவது நம் பக்கத்தில் சுலபம். நெல்லிக்குப்பம் கரும்பு லோடும், பண்ருட்டி முந்திரி லோடும், சிப்காட் லாரிகளும் போகிற சாலைகளில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. குடும்பம், சாமான், முழு டேங்க் டீசல், நிறைந்த தண்ணீர்த் தொட்டி என்று பயணத்துக்குப் போகும் அதே நிலையில் போங்கள். டிரெய்லரை மாட்டியபடியே முதலில் காரின் முன்சக்கரம் மட்டும் மேடையில் ஏறட்டும், சீட்டு வாங்குங்கள். அப்புறம் காரின் நான்கு சக்கரமும், டிரெய்லர் மேடைக்கு வெளியே. கடைசியாக எல்லாம் சேர்த்து. இந்த மூன்று சீட்டிலிருந்து முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றும் கழித்தல் கணக்கில் வந்துவிடும். காருக்கு வந்த எண் ஜி.வி.டபிள்யூ.வுக்குள் இருக்க வேண்டும். பின் ஆக்சிலுக்குத் தனி வரம்பு தகட்டில் இருந்தால் அதற்குள்ளும் இருக்க வேண்டும்.

ஹிட்ச் எடைக்கு லாரி எடை மேடை சரிப்படாது, பெரும்பாலும் 10 கிலோ படியில்தான் காட்டும். அரிசி மண்டியிலோ வெங்காய மண்டியிலோ இருக்கும் 300 கிலோ பிளாட்பார்ம் தராசு போதும். சமதளத்தில் டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கப்ளர் காரில் மாட்டியிருக்கும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் வருமாறு தராசின் மேல் மரக்கட்டையை அடுக்கி அதன் மேல் இறக்குங்கள். உயரம் மாறினால் எண்ணும் மாறும்.

பிரேக்குக்கு வருகிறேன். நீங்கள் எந்தச் சலுகையும் கொடுக்கக்கூடாத இடம் இது. ஐரோப்பிய விதிப்படி பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோ அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் பாதி, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு 750. இந்த டிரெய்லர் அதற்கு இரண்டு மடங்கு. கார் 2,600, ஹிட்சின் மேல் விழும் 150 போக டிரெய்லர் சக்கரத்தில் 1,370 என்று மொத்தம் கிட்டத்தட்ட 4 டன் ஓடும். 2.6 டன்னுக்காகச் செய்த நான்கு பிரேக் அந்த 4 டன்னையும் நிறுத்த வேண்டும்.

ஏற்காட்டில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். மேலே சுமார் 1,500 மீட்டர். சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வருவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். 1,100 மீட்டர் என்று வைத்தால், 4 டன் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 43 மெகா ஜூல், கரண்ட் கணக்கில் 12 யூனிட். இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கிங் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் உங்கள் காரின் டிஸ்க்கிலும் லைனிங்கிலும் சூடாக இறங்க வேண்டும். டிரெய்லர் இல்லாமல் முழு லோடில் இறங்கினால் 8 யூனிட்டுக்கும் குறைவு. பிரேக் ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் லைனிங் வழுக்கத் தொடங்கும், ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். ஒவ்வொரு வளைவிலும் முழுதாக வேகம் குறைக்க வேண்டிய சாலையில் அது நடக்க விடக்கூடாது. அதோடு, நனைந்த வளைவில் நீங்கள் பிரேக் பிடிக்கும்போது பிரேக் இல்லாத டிரெய்லர் காரின் பின்பக்கத்தை வெளியே தள்ளும்.

டிரெய்லர் பிரேக்கில் நம் ஊருக்குச் சரிப்படுவது இரண்டு. கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் வந்து கப்ளரை அழுத்த, அந்த அழுத்தத்திலேயே தன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் ஓவர்ரன் வகை ஒன்று. காரிலிருந்து கரண்ட் வாங்கும் எலக்ட்ரிக் வகை இன்னொன்று. ஓவர்ரன் எளிமையானது, கார் வயரிங்கில் கைவைக்கத் தேவையில்லை. ஆனால் நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து உரசிக்கொண்டே வரும், இடையில் நிறுத்தி ஆறவிட வேண்டும். மலைக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் எலக்ட்ரிக் நல்லது. எதுவாக இருந்தாலும் டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே கேபிள் இருக்க வேண்டும், கப்ளருக்குக் கீழே இரண்டு சங்கிலி குறுக்காக மாட்டியிருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய டயர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 165/80 ஆர்14, பக்கத்தில் 85டி. ஹேட்ச்பேக் கார்களில் வரும் டயர் அது. 85 என்பது லோடு இண்டெக்ஸ், ஒரு டயருக்கு 515 கிலோ. இரண்டு டயர் சேர்ந்து 1,030. உங்கள் டிரெய்லர் அந்த ஆக்சிலில் வைக்கப்போவது 1,370 கிலோ, ஒரு டயருக்கு 685. அந்த எடைக்குக் குறைந்தது 95 இண்டெக்ஸ், அதாவது 690 கிலோ தாங்கும் டயர் வேண்டும். விளிம்பில் நிற்காமல் 100 இண்டெக்ஸ், 800 கிலோ வகைக்குப் போவதுதான் சரி. விற்பவர் சொல்லும் காலி எடை 1,150-இல் ஹிட்ச் பங்கைக் கழித்தால்கூட இந்த டயர் ஏறக்குறைய அதன் எல்லையில்தான் நிற்கிறது. மே மாதத் தார்ச்சாலைச் சூட்டில் 370 கிலோ கூடுதலோடு ஓடினால் டயர் வெடிக்கும், ஒற்றை ஆக்சிலில் ஒரு டயர் போனால் டிரெய்லர் அந்தப் பக்கம் சாயும். டயரை மட்டும் மாற்றிவிடலாமா என்றால், இந்த டயரைப் போட்டவர் ஆக்சிலையும், சக்கரம் மாட்டும் ஹப்பையும், ஸ்பிரிங் பட்டையையும் மட்டும் பெரிதாகப் போட்டிருப்பாரா என்ற கேள்வி வருகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை.

கொண்டுவந்து இங்கே நிறுத்தினால் உப்புக்காற்று வேறு. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலோரம் நிற்கும் டிரெய்லரில் துரு முதலில் பிடிப்பது சேஸ் வெல்டிங் ஓரத்திலும் பட்டை உட்காரும் இடத்திலும்தான். எந்த டிரெய்லரையும் வாங்குமுன் அந்த இரண்டு இடத்தையும் சுத்தியால் தட்டிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் புதிதாக கேரவன் இழுப்பவர்களுக்கு ஒரு அறிவுரை சொல்வார்கள், லோடு ஏற்றிய டிரெய்லர் காரின் கெர்ப் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று. வலையில் தேடினால் முதலில் கிடைப்பது இதுதான், உங்களுக்கும் கிடைத்திருக்கும். உங்கள் 2,000 கிலோவுக்கு 1,700 வருகிறது, இந்த 1,520 கிலோ டிரெய்லர் அதில் பாஸ். சுமை வரம்பில், பிரேக்கில், டயரில் மூன்றிலும் தோற்றது இந்த விதியில் ஜெயிக்கிறது. ஒற்றை விதியை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த விதி நல்ல விதிதான், பிரேக் உள்ள, தகடு உள்ள, தொழிற்சாலையில் செய்த டிரெய்லரை மனதில் வைத்துச் சொன்னது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற வரையறையிலேயே டிரெய்லரும் அடங்கும். அதனால் அதற்குத் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ் வேண்டும். காருக்கு ஹிட்ச் போடுவதும் வண்டியில் செய்யும் மாற்றம்தான், ஆர்.டி.ஓ.விடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு முள்ளோடை தாண்டினாலே தமிழ்நாடு, ஒவ்வொரு பயணமும் மாநிலம் விட்டு மாநிலம். இந்த டிரெய்லருக்கு ஆர்.சி. இருக்கிறதா என்று விற்பவரிடம் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. ஆர்.சி. இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, உங்களுக்கு எது பொருந்தும்? கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். மிச்சம் இருந்தது 135 கிலோ. அதை முழுக்கத் தின்றுவிடாமல் 100 கிலோவை ஹிட்சுக்கு ஒதுக்குங்கள். 10 சதவீதக் கணக்கில் டிரெய்லர் முழு லோடில் 1,000 கிலோ. அப்படியென்றால் காலி எடை 650 முதல் 700 கிலோவுக்குள், பிரேக்கோடு. இந்த எடையில் 15 அடி வீடு கிடைக்காது. 10, 11 அடியில் இரண்டு பேர் படுக்கும் டிரெய்லர், அல்லது கூரை மடங்கும் கூடார வகை கிடைக்கும். அப்பா, அம்மா உள்ளே கட்டிலில் படுக்கட்டும், நீங்கள் நான்கு பேரும் பக்கத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். தண்ணீரை 120 லிட்டரிலிருந்து 40 லிட்டராகக் குறையுங்கள், நம் ஊரில் எங்கே நின்றாலும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். பெரிய சிலிண்டருக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர். இப்படிக் குறைத்தால் 300 கிலோ சாமான் வரம்புக்குள் அடங்கிவிடும். அப்பாவும் அம்மாவும் வராத பயணத்தில் வண்டியில் 130 கிலோ போல இடம் கூடும். அதற்காகப் பெரிய டிரெய்லருக்குப் போகாதீர்கள், அவர்கள் வரும் பயணத்தை வைத்தே டிரெய்லரைத் தேர்ந்தெடுங்கள்.

ஹிட்ச் போடும்போது பம்பரில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். சேஸின் இரண்டு பக்க உறுப்பிலும் போல்ட்டில் பிடிக்கும் பிராக்கெட்தான் வேண்டும். பாலின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், 50 மி.மீ. என்றால் இரண்டும் 50. மாட்டிப் பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியை ஏற்றிப் பாருங்கள், காரின் பின்பக்கம் சேர்ந்து தூக்கினால் பூட்டு விழுந்திருக்கிறது.

முதல் பயணம் வேளாங்கண்ணிகூட வேண்டாம், பிச்சாவரம் போய் வாருங்கள். சமதளச் சாலை, 60 கி.மீ. வேகம், இரவில் ஓட்ட வேண்டாம். கடலூர் தாண்டியதும் ஓரம்கட்டி டிரெய்லரின் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், புதிதாகப் போட்ட சக்கரத்தில் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும். இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் போகலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் பேரிங் இறுக்கமா, பிரேக் உரசுகிறதா என்று அங்கேயே பார்த்துச் சரிசெய்த பிறகுதான் சிதம்பரம் பக்கம் திரும்ப வேண்டும்.